பின்சீட்டில் ஒரு கிளட்ச்

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது அவள். பின்னால் உட்கார்ந்து சாமியைக் கூப்பிடுவது நான். கல்யாணமான நாளிலிருந்து இந்த ஏற்பாட்டில் மாற்றமில்லை. மல்லேஸ்வரத்தில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். எதிர்வீட்டு ஆன்ட்டி கன்னடக்காரர். நாங்கள் கிளம்பும்போதெல்லாம் கேட்டருகில் வந்து நின்று, "ஏன்ரீ, இன்னிக்காவது நீவு ஓட்டறீங்களா?" என்று தமிழும் கன்னடமும் கலந்து விசாரிப்பார். "லைசென்ஸ் வீட்ல இருக்கு ஆன்ட்டி" என்பேன். லைசென்ஸ் சட்டைப்பையில்தான் இருக்கும். தைரியம்தான் வீட்டில் இருக்கும்.

வண்டி என்றால் ஸ்கூட்டர் இல்லை. முந்நூற்றைம்பது சி.சி. மோட்டார் சைக்கிள். வலது காலில் கியரும் இடது காலில் பிரேக்கும் இருக்கிற பழைய மாடல். அவள் தன் முதல் வேலையில் சேர்ந்ததும் வாங்கியது. பெண் பார்க்கப் போன அன்று வாசலில் அதைப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு முரட்டு அண்ணன் ஒருவன் இருக்கிறான் என்று முடிவு கட்டினேன். சொஜ்ஜி சாப்பிடும்போது, "அண்ணா வெளியே போயிருக்காரா?" என்று மரியாதையாகக் கேட்டேன். அண்ணனே கிடையாது என்றார்கள். கையிலிருந்த சொஜ்ஜி அப்படியே நின்றுவிட்டது.

என் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. நசுங்கிய வண்டிகளின் போட்டோக்கள் தினமும் என் மேஜைக்கு வரும். ஒரு மனிதன் எத்தனை விதமாகக் கீழே விழ முடியும் என்பதைப் பற்றி எனக்கு இருக்கிற அறிவு யாருக்கும் வேண்டாம். ஆனால் வண்டியைப் பிரிப்பதில் எனக்குப் பயமே கிடையாது. பிரித்துப் போட்ட வண்டி யார்மேலும் மோதாது. வாங்கப்போகிற காருக்காக என்று மாமனார், இப்போது நாங்கள் இருக்கிற வீட்டின் பக்கவாட்டில் ஒரு ஷெட் கட்டியிருந்தார். கார் வரவேயில்லை, நான் வந்து சேர்ந்தேன். பழைய கதவொன்றை மேஜையாக்கி, இரும்பை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், ஒரு கிரைண்டர், கைமாறி வந்த ஒரு வெல்டிங் மெஷின் என்று ஷெட்டை நிரப்பிக்கொண்டேன். அவள் ஓட்டிக் கெடுப்பதை நான் பிரித்துச் சரிசெய்வேன். எங்கள் குடும்பம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் சம்பிகே ரோட்டு சிக்னலில், பச்சை விழுவதற்கு முன்பே வண்டி ஒரு துள்ளு துள்ளி நின்றுபோனது. நான் அவள் முதுகில் முட்டி, முருகா என்றேன்.

"கிளட்ச் ரொம்ப டைட்டா இருக்கு ரீ" என்றாள். இந்த ஊரில் கன்னட மனைவிகள் கணவனைக் கூப்பிடுகிற மாதிரி அவளும் என்னை 'ரீ' என்றுதான் கூப்பிடுவாள். முதலில் கேலிக்காக ஆரம்பித்தது, அதுவே பேராகிவிட்டது. "கேபிள் என்னன்னு பாருங்க."

பார்த்தேன். கேபிளுக்கு எண்ணெய் விட்டேன். அடுத்த வாரம், இன்னும் டைட்டாத்தான் இருக்கு என்றாள். கேபிளையே மாற்றினேன். அப்படியும் டைட் என்றாள். என்ஜினின் பக்கத்து மூடியைக் கழற்றி கிளட்ச் ஸ்பிரிங்குகளை மென்மையானவையாக மாற்றினேன், லீவரையும் நீளமாக்கினேன். கடைசியில் என் சுண்டுவிரலாலேயே அதை இழுக்க முடிந்தது. பெருமையாக அவளைக் கூப்பிட்டு வண்டியில் உட்காரவைத்தேன். லீவரைப் பிடித்தாள். பாதி தூரம் வந்தது, நின்றது.

"இன்னும் கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கு" என்றாள், லீவரைப் பார்த்தபடியே.

நான் அவள் கையைப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிற சதை, யாரோ ஸ்பூனால் வழித்து எடுத்ததுபோல் குழிந்திருந்தது. அத்தனை வாரமும் நான் பழுதே இல்லாத வண்டியைப் பிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி ஊசியாகக் குத்திப் பார்த்துவிட்டு டாக்டர் பொறுமையாக விளக்கினார். தசையை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. இடது கையில் ஆரம்பித்திருக்கிறது. வலது கைக்கு வரும், பிறகு மற்ற இடங்களுக்கும் வரும். வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், திருப்ப முடியாது. பயம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஸ்பேர் கிடைக்காதா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முழங்காலைத் தட்டி, வாயை மூடச் சொன்னாள்.

ஆட்டோவில் திரும்பினோம். மேக்ரி சர்க்கிள் நெரிசலில் ஆட்டோ நின்றபோது அவள் சொன்னாள்: "ஆனேக்கல் ரோட்டுக்கு ஒரு தடவ போகணும். நான் ஓட்டணும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் போகிற ரோடு அது. ஆனேக்கலில் இட்லி சாப்பிட்டுவிட்டு, ஊரைத் தாண்டி ராகி வயல்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் போய்த் திரும்புவோம். அவ்வளவுதான். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு வருவதால் எனக்கு நிச்சயமாக இல்லை.

"போலாமே" என்றேன். "நான் வேணா ஓட்டறேன்."

"நீங்க ஓட்டினா ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரணும். நான் ஓட்டணும்னு சொன்னேன்."

அன்றிலிருந்து ஷெட்டுக்கு ஒரே வேலைதான். இடது கை இல்லாமல் ஓட்டக்கூடிய ஒரு வண்டி. அதுவும் சீக்கிரம்.

எனக்கு முதலில் தோன்றிய யோசனை மேதாவித்தனமானது. கையில் இருக்கிற கிளட்சைக் காலுக்குக் கொண்டுபோவது. இடது காலின் பிரேக் பெடலை எடுத்துக் கிளட்ச் பெடலாக்கினேன். பின்சக்கர பிரேக்கை வலது கையின் முன்பிரேக் லீவரோடு இணைத்தேன். வரைபடம் எல்லாம் போட்டேன். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, அவளை ஏறச் சொன்னேன். கியர் போட்டாள், பின்சக்கரம் சுழன்றது. பெடலை மிதித்தாள், விட்டாள், எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. சோதித்துப் பார்ப்போமே என்று நான் திடீரென்று, "நாய், நாய்" என்று கத்தினேன்.

அவள் இடது காலை ஒரே மிதியாக மிதித்தாள். சக்கரம் நிற்கவில்லை, ஜாலியாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நாய் செத்துடுச்சு ரீ" என்றாள்.

"புதுசு இல்லயா, பழகிடும்."

"இத்தன வருஷமா அது என் காலுக்கு பிரேக்கு. இப்போ கிளட்ச் ஆயிடுச்சுன்னு கால்கிட்ட யார் போய்ச் சொல்றது? கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, அத ஏன் தொந்தரவு பண்றீங்க?"

பிரேக்கைப் பழைய இடத்திலேயே மாட்டினேன். அதைப் பார்த்துக்கொண்டு அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. வலது கையால் எடுப்பாள், இடது கைக்கு மாற்றுவாள், அது தரையில் விழும். "கிரீஸத் துடைக்காம வைக்கிறீங்க, வழுக்குது" என்பாள். நான் எல்லா ஸ்பேனர்களையும் துணியால் பளபளவென்று துடைத்து வைத்தேன். அப்புறமும் விழுந்தன. மறுபடியும் துடைத்தேன். அந்த மாதங்களில் என் ஸ்பேனர்கள் இருந்த சுத்தத்துக்கு, அவற்றால் சாதமே பரிமாறியிருக்கலாம்.

வழி அவளுக்குத்தான் தோன்றியது. "பின்னாடி சும்மாதானே உக்காந்திருக்கீங்க" என்றாள். "கிளட்ச நீங்க புடிங்க."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கிளட்ச் என்பது வண்டி ஓட்டுவதில் பாதி. இத்தனை காலம் எந்தப் பொறுப்பும் இல்லாமல், பயப்படுவதை மட்டும் முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தவனைப் பார்த்து, இனிமேல் பாதி உன்னுடையது என்றால் எப்படி இருக்கும்? ஆனால் வேறு வழி எதுவும் தோன்றவில்லை.

ஜே.சி. ரோட்டில் ஒரு கேபிள் கடையில் போய் நீளத்தைச் சொன்னேன். "இஷ்டு உத்தா? டிராக்டருக்கா சார்?" என்றார் கடைக்காரர். இவ்வளவு நீளம் எதற்கு என்பது அவர் கவலை. "பின்சீட்டுக்கு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெட்டிக் கொடுத்தார். கேபிளை டேங்குக்கு அடியிலும் சீட்டுக்கு அடியிலும் வளையாமல் கொண்டுவந்து, என் சீட்டின் இடதுபக்கம் ஒரு பைப்பை நிறுத்தி, அதில் லீவரை மாட்டினேன். சாதாரணமாக அதை போல்ட் போட்டு முடுக்குவார்கள். நடுரோட்டில் கழன்றுவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தூக்கமே வரவில்லை. லீவர் உட்கார்கிற இடத்தைப் பைப்போடு சேர்த்து வெல்ட் அடித்துவிட்டேன். யானை இழுத்தாலும் வராது. முன்னால் ஹேண்டிலில் பழைய லீவர் இருந்த இடத்தில், அவளுடைய இடது கை நழுவாமல் செருகிக்கொள்ள ஒரு தோல் வளையம் தைத்தேன். ஹாரனையும் விளக்கு சுவிட்சையும் வலதுபக்கம் மாற்றினேன். என் சீட்டைக் கொஞ்சம் உயர்த்திப் புது ரெக்சின் தைத்தேன், அவள் தோளுக்கு மேலே ரோடு தெரிய வேண்டும் என்று. அதுவரை அவள் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தவனுக்கு ரோடு தெரிய ஆரம்பித்தது. அது நல்லதில்லை.

எங்கள் தெருவிலேயே காலையில் பழகினோம். பேசிப் பேசிப் பார்த்தோம், அவள் சொல்லி நான் பிடிப்பதற்குள் என்ஜின் நின்றுபோனது. பிறகு பேச்சை விட்டோம். அவள் கியர் மாற்றப்போகும்போது முழங்கை லேசாகப் பின்னால் வந்து என் விலாவைத் தொடும். நான் பிடிப்பேன். முழங்கை முன்னால் போகும், நான் விடுவேன். அவள் வலது காலும் என் இடது கையும் மெல்ல மெல்ல ஒத்துப்போக ஆரம்பித்தன. ஒரே தொல்லை என்னவென்றால், என் பயத்துக்கு இப்போது ஒரு லீவர் கிடைத்துவிட்டது. தூரத்தில் ஒரு மாடு தெரிந்தால் பிடிப்பேன். பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளைத் திருப்பினால் பிடிப்பேன். வண்டி இழுவையில்லாமல் வெறுமனே உறுமும்.

"மாடு ஆனேக்கல்ல இருக்கு" என்பாள் திரும்பாமல். "விடுங்க."

எதிர்வீட்டு ஆன்ட்டி கேட்டில் நின்று பார்த்தார். கொஞ்ச நாளாகவே எங்களைக் கேலி செய்வதை நிறுத்தியிருந்தார். அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. "ஆன்ட்டி, இப்போ நானும் ஓட்டறேன் பாருங்க" என்றேன். "ஹௌது, ஹௌது" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். வழக்கமாக அவர் அப்படி உள்ளே போகிறவர் இல்லை.

இதை எழுதும்போது அவள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். எழுதியவரைக்கும் படித்துக் காட்டினேன். இப்போது அவள் பேச்சு குழறுகிறது, எனக்கு மட்டும் புரியும். "நீங்க பயந்தது கம்மியா இருக்கு, இன்னும் போடுங்க" என்கிறாள். போடுகிறேன்.

ஆனேக்கலுக்குக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு பனியன் போட்டிருந்தேன், விழுந்தால் சிராய்ப்பு குறையும் என்று. பின்னால் உட்கார்ந்தவன் கிளட்ச் பிடித்தால் எந்த செக்ஷனில் ஃபைன் போடுவார்கள் என்று யோசித்து, சட்டத்தில் அப்படி ஒன்று எழுதியிருக்கவே முடியாது என்று தேற்றிக்கொண்டேன். சில்க் போர்டு சிக்னலில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் எங்களையே பார்த்தார். நான் லீவரைப் பிடித்த கையோடு அவருக்கு நமஸ்காரம் வைக்கப் போய், வண்டி நின்றது. பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்தது. "சும்னே இருங்க ரீ" என்றாள். அதற்குப் பிறகு சும்மா இருந்தேன்.

சந்தாபுராவில் ஹோசூர் ரோட்டை விட்டு வலதுபக்கம் திரும்பியதும் அவள் முதுகு மாறியது. எத்தனையோ வருடமாக அந்த முதுகைப் படித்து வருகிறவன் நான். தோள் இறங்கியது, கழுத்து நிமிர்ந்தது. முழங்கை வந்து தொட, நான் பிடிக்க, முழங்கை போக, நான் விட, வண்டி ஒரு திக்கல் இல்லாமல் கியர் ஏறி ஓடியது. முதல்முறையாக எனக்குப் பயம் போய்விட்டது. கொஞ்ச தூரம்தான். ஆனாலும் போயிருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனேக்கலில் இட்லி சாப்பிட்டோம். நான் பிட்டுக் கொடுத்தேன். ஊரைத் தாண்டி, வழக்கமாகத் திரும்புகிற இடத்தையும் தாண்டி, அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஒரு மேட்டில் ஏறும்போது என்ஜின் சத்தம் தளர்ந்தது, ஏறியது, மறுபடி தளர்ந்தது. மேட்டின் உச்சியில் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, என்ஜினை மட்டும் நிறுத்தினாள்.

"போதும்" என்றாள்.

"ஏம்மா, பெட்ரோல் இருக்கே."

வலது கையை ஹேண்டிலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்கள் தாமாக மடங்கின. "ஆக்சிலேட்டரத் திருப்ப முடியல. மணிக்கட்டு நிக்கல."

"எப்போலேருந்து?"

"நீங்க சீட்டுக்கு ரெக்சின் தெச்சிட்டிருந்தீங்களே, அப்போலேருந்து."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னா அதயும் பின்னாடி கொண்டுபோய் வெச்சிருப்பீங்க. அப்புறம் நான் எதுக்கு முன்னாடி?"

வேலையில் இறங்கினேன், அதுதானே என் வழக்கம். நான் முன்னால் உட்கார்ந்து மெதுவாக வீட்டுக்கு ஓட்டிப் போவது என்று முடிவு செய்து, பின்னாலிருந்தே எட்டி ஹேண்டிலைப் பிடித்து, இடது கையால் கிளட்சைத் தேடினேன். தோல் வளையம்தான் இருந்தது. கிளட்ச் பின்னால் இருக்கிறது. பின்னால் அவள் உட்கார வேண்டும், அவளால் பிடிக்க முடியாது. சரி, லீவரைக் கழற்றி முன்னால் மாட்டிவிடலாம் என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கி, பைப்பைப் பார்த்தேன். வெல்ட். யானை இழுத்தாலும் வராத வெல்ட். எல்லா ஆபத்தையும் யோசித்து யோசித்துக் கட்டிய வண்டியில், அவள் முன்னால் இல்லாத ஒரு நாளை மட்டும் நான் யோசிக்கவில்லை. உலகத்தில் அந்த வண்டியை ஓட்ட ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது, அதுவும் ஒரே ஒரு வரிசையில் உட்கார்ந்தால்தான். அந்த ஜோடி இப்போது ரோட்டோரம் நிற்கிறது.

நான் ஸ்பேனரோடு நிற்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு முன்னால் பார்த்தாள். மேட்டின் அந்தப் பக்கம் ரோடு நேராக, நீளமாக இறங்கியது. இரண்டு பக்கமும் தைல மரங்கள். வண்டி எதுவும் வரவில்லை.

"கீழ போனா யாராவது டெம்போ கிடைக்கும்" என்றாள்.

"தள்ளிட்டுப் போறேன். நீ அப்படியே உக்காரு" என்று பின்னால் போய் கேரியரைப் பிடித்தேன்.

"தள்ள வேணாம். தானா போகும். கேரியர விடுங்க."

கேரியரைப் பிடித்திருந்த என் கைக்கு அது கேட்கவில்லை. என் மேஜைக்கு வந்த எல்லா போட்டோக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஹேண்டில் திரும்பினால், கல் இருந்தால், நாய் வந்தால்.

"பிரேக்கு கால்ல இருக்கு" என்றாள். "கால் நல்லாருக்கு. இன்னிக்கு நல்லாருக்கு ரீ."

கையை எடுத்தேன்.

வண்டி முதலில் தயங்கி, பிறகு நகர்ந்தது. என்ஜின் இல்லாமல் டயர் ரோட்டில் உரசுகிற சத்தமும் செயின் சுற்றுகிற சத்தமும் மட்டும் கேட்டன. பிறகு அதுவும் தூரம் போய்விட்டது. அவள் குர்த்தாவின் முதுகில் காற்று புகுந்து உப்பியது. நான் பின்னால் ஓடினேன். இரண்டு பனியனோடு ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கத்தவில்லை. கத்தினால் திரும்பிப் பார்ப்பாளே. வண்டி சின்னதாகிக்கொண்டே போனது. அதன் பின்சீட்டில் யாரும் இல்லை. இத்தனை வருடத்தில் அவள் ஓட்டிப் போவதை நான் தூரத்திலிருந்து பார்த்ததே இல்லை என்று ஓடும்போது தோன்றியது. என்ன அழகாக உட்கார்ந்திருக்கிறாள். கீழே போய் ரோடு சமமாகிற இடத்தில் சிவப்பாக பிரேக் விளக்கு எரிந்தது. வண்டி நின்றது. ஒரு கால் தரையில் ஊன்றியது.

மூச்சு வாங்க நான் போய்ச் சேர்ந்தபோது அவள் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர், காற்றினாலும் இருக்கலாம்.

"நீங்க இல்லாம வண்டி எவ்வளவு லேசாப் போகுது" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் காலி தக்காளி கிரேட்களோடு ஒரு டெம்போ வந்தது. டிரைவர் இறங்கிவந்தார். நானும் அவரும் பலகை வைத்து வண்டியை ஏற்றினோம். அவளைக் கைத்தாங்கலாக முன்சீட்டில் உட்காரவைத்தேன். வண்டி சாயாமல் இருக்க யாராவது பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் பின்னால் ஏறினேன். டிரைவர் கேபினின் பின்கண்ணாடி உடைந்திருந்ததால் பேச்சு முழுக்கக் கேட்டது.

"என்னாச்சு மேடம், வண்டி கெட்டுப் போச்சா?"

"இல்ல, வண்டி நல்லாத்தான் இருக்கு."

"கிளட்ச் ஏதோ பின்னாடி இருக்கே?"

"அது எங்க வீட்டுக்காரர் பண்ணது. ஸ்பெஷல். நான் முன்னாடி ஓட்டுவேன், அவர் பின்னாடி பிடிப்பார்."

டிரைவர் பலமாகச் சிரித்தார். அவளும் சிரித்தாள். "சூப்பர் மேடம். சார் பெரிய ஆளு. அப்போ இனிமே எப்படி, யாரு ஓட்டுவாங்க?"

"இனிமே யாரும் ஓட்ட மாட்டாங்க" என்றாள். கடை இன்றைக்கு லீவு என்று சொல்கிற குரலில் சொன்னாள். பிறகு தக்காளி என்ன விலைக்குப் போகிறது என்று அவரைக் கேட்டாள்.

நான் ஒரு கையால் ஹேண்டிலையும் ஒரு கையால் டெம்போவின் கம்பியையும் பிடித்துக்கொண்டு நின்றேன். ஹெல்மெட்டின் கண்ணாடிக்கு உள்ளே ஒரே ஆவியாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. துடைக்க மூன்றாவது கை இல்லை. டெம்போ சந்தாபுராவைத் தாண்டி ஹோசூர் ரோட்டில் ஏறும்வரை நான் அதைக் கழற்றவில்லை.